கண்மாய் வாத்துகள்: பார்க்கவும் படமெடுக்கவும் முழுமையான வழிகாட்டி

மதுரை வண்டியூர் கண்மாயில் முதல் வருடம் நான் எடுத்த நானூறு சொச்சம் படங்களில் முக்கால்வாசி வாத்துகளின் பின்பக்கம்தான். மீதியில் பாதி வாத்தே கிடையாது, நாமக்கோழி. அதற்கப்புறம் சில வருடங்களாக, புதிதாக ஆசைப்படும் நண்பர்களையும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளையும் கண்மாய்களுக்குக் கூட்டிப் போகிறேன். ஏறக்குறைய எல்லோரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். கேமராவைக் கையில் பிடித்தபடி விறுவிறுவென்று கரை ஏறுவார்கள். வாத்துகள் எழும்பிப் போகும். ஓடும் பேருந்தைப் படமெடுப்பது போல அதன் பின்னால் கிளிக் கிளிக் என்று அமுக்குவார்கள்.

இந்த வேலையில் கேமராவின் முறை கடைசியில்தான் வரும். முதலில் மாதம், அடுத்து கரை, அடுத்து அடையாளம், அப்புறம் உட்காரும் இடம். அது எல்லாம் சரியாக அமைந்த பிறகுதான் படம். கீழே ஏறக்குறைய அந்த வரிசையிலேயே, தேவையான சாமான்களையும் இடையில் சேர்த்துச் சொல்கிறேன்.

1. மாதத்தைச் சரியாகப் பிடியுங்கள்

நம் கண்மாய்களில் இரண்டு வகை வாத்துகள் உண்டு. புள்ளிமூக்கு வாத்து, சீழ்க்கைச்சிறகி, குள்ளத்தாரா மூன்றும் இந்த மண்ணுக்குச் சொந்தமானவை. தண்ணீர் இருக்கும் கண்மாயைத் தேடி இடம் மாறிக்கொண்டே இருக்கும். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன், கிளுவை போன்றவை குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வலசை வருபவை. ஐப்பசி, கார்த்திகையில் வரத் தொடங்கி பங்குனி வாக்கில் திரும்பிவிடும்.

மழை பெய்து கண்மாய் நிரம்பியதும் கிளம்பிவிடுவதுதான் புதியவர்களின் முதல் தவறு. விளிம்பு வரை தளும்பும் கண்மாய் கண்ணுக்குத்தான் அழகு. நம் பக்கம் வரும் வாத்துகளில் பெரும்பாலானவை முங்கித் தின்பவை அல்ல. தலையைத் தண்ணீருக்குள் விட்டு வாலைத் தூக்கி நின்று, கழுத்து எட்டும் ஆழத்தில் கிடைப்பதைத் தின்பவை. ஒரு முழ ஆழம்தான் அவற்றுக்கு வசதி. கண்மாய் நிறைந்திருந்தால் அந்த ஆழம் உள்வாயின் (கண்மாய்க்குள் தண்ணீர் பரவி நிற்கும் பரப்பின்) ஓரத்திலும் சுற்றியுள்ள வயல்களிலும்தான் இருக்கும். வாத்துகளும் அங்கங்கே சிதறிப் போயிருக்கும்.

தை பிறந்து மடை வழியாகத் தண்ணீர் வயலுக்குப் போகப் போக, ஆழம் குறைந்து வாத்துகள் நடுவில் மிஞ்சும் தண்ணீரில் கூடும். ஆகவே ஜனவரி நடுவிலிருந்து மார்ச் முதல் வாரம் வரைதான் நல்ல காலம். நீங்கள் போக நினைக்கும் கண்மாயில் மழை எப்படி, தண்ணீர் எப்போது திறந்தார்கள் என்பதைப் பொறுத்து இது இரண்டு மூன்று வாரம் முன்பின் ஆகும்.

இந்தக் கணக்குக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நீலச்சிறகி ஆண் வந்து இறங்கும்போது பெட்டை போலவே மங்கிய பழுப்பு நிறத்தில் இருக்கும். கண்ணுக்கு மேல் அடர்ந்த வெள்ளைப் புருவம் போட்டு அது மாப்பிள்ளையாவதற்குப் பெரும்பாலும் ஜனவரி கடைசி, பிப்ரவரி ஆகிவிடும். நவம்பரில் போய், “புத்தகத்தில் இருக்கிற மாதிரி ஒன்றுகூட இல்லையே” என்று சலித்துக்கொண்டவர்கள் பல பேர்.

2. கண்மாயையும் கரையையும் முன்கூட்டியே பாருங்கள்

ஒரு நாள் மாலை, கேமரா இல்லாமல் போய் வாருங்கள். இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். ஆனால் மொத்த வேலையில் பாதி இங்கேதான் முடிகிறது.

பழகுவதற்கு வண்டியூர் நல்ல இடம். பூங்காவும் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களும் உள்ள இடம் என்பதால் அங்குள்ள பறவைகளுக்கு மனித நடமாட்டம் பழக்கம், கொஞ்சம் நெருங்கவிடும். வலசை வாத்துகளுக்கு ஊருக்குத் தென்கிழக்கே சாமநத்தம் கண்மாய் பக்கம் போகலாம். மேலூர் வழியில் அரிட்டாபட்டி இருக்கிறது. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். அங்கே மலையைச் சுற்றியுள்ள கண்மாய்களோடு வல்லூறு, கழுகு இனங்களும் சேர்ந்து கிடைக்கும். ஆனால் ஒன்று சொல்கிறேன்: பெயர்பெற்ற கண்மாய்க்கு மாதம் ஒரு முறை போவதைவிட, உங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கண்மாய்க்கு வாரம் ஒரு முறை போவது மேல். மாடக்குளத்துக்காரர் மாடக்குளத்திலேயே தொடங்கலாம்.

போய்ப் பார்க்க வேண்டியவை நான்கு.

முதலாவது வெளிச்சம். மதுரைப் பக்கம் நிலம் பொதுவாக மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. கண்மாய்க்குத் தண்ணீர் மேட்டிலிருந்து வரும், கரை பள்ளத்துப் பக்கம் இருக்கும். அதனால் பல கண்மாய்களில் பெரிய கரை கிழக்கிலோ தென்கிழக்கிலோ அமைந்திருக்கும். இது நமக்குப் பெரிய வரம். காலையில் அந்தக் கரையில் மேற்கே பார்த்து உட்கார்ந்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால். வாத்தின் முகத்தில் நேரடி வெளிச்சம். அதே கரைக்கு மாலையில் போனால் எல்லாம் கறுப்பு நிழலாகத்தான் கிடைக்கும். உங்கள் கண்மாயில் கரை எந்தத் திசையில் இருக்கிறது என்று போனில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். கரை மேற்கில் இருந்தால் உங்களுக்கு மாலைதான் நேரம்.

இரண்டாவது காற்று. பறவை காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், எதிர்த்துத்தான் இறங்கும். உங்கள் முதுகில் காற்று பட்டால், வாத்து உங்கள் பக்கம் முகம் காட்டி இறங்கும் என்று பொருள். குளிர்கால மாதங்களில் இங்கே பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து காற்று வீசும். கிழக்குக் கரையில் காலை நேரத்தில் சூரியன், காற்று இரண்டுமே முதுகில் இருப்பது இதனால்தான். நான் முதல் வருடம் எடுத்த பின்பக்கப் படங்களின் ரகசியமும் இதுதான். மேற்கு ஓரத்தில் நின்றுகொண்டு முகத்தில் காற்று வாங்கிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது மறைவு. கரையில் பனைமரங்கள், உள்ளே நாட்டுக்கருவேல், ஓரத்தில் கோரை. இவற்றில் எதை ஒட்டி உட்கார்ந்தால் உங்கள் உருவம் மறையும் என்று குறித்துக்கொள்ளுங்கள். மடைக்குப் பக்கத்தில் படி இருந்தால் இன்னும் நல்லது, தண்ணீர் மட்டத்துக்கு இறங்கலாம்.

நான்காவது மனிதர்கள். மீன் குத்தகை எடுத்தவர்களின் காவலாளி எங்கே இருப்பார், ஆடு மாடு எந்தப் பக்கம் இறங்கும், துணி துவைக்கும் இடம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். காவலாளியிடம் முன்னாலேயே, “அண்ணே, ஞாயிற்றுக்கிழமை காலையில பறவை படம் எடுக்க வரலாமா?” என்று கேட்டுவிடுங்கள். மீன் தின்னும் பறவைகளை விரட்டச் சில இடங்களில் வெடி போடுவார்கள். அது எந்த நேரத்தில் என்று தெரியாமல் போனால் உங்கள் காலை முழுக்க வீண்.

3. கையில் என்ன வேண்டும்

முதல் செலவு பைனாகுலருக்குப் போகட்டும், கேமராவுக்கு வேண்டாம். 8×42 என்று போட்டிருப்பது போதும். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மி.மீ. அகலம் என்று அர்த்தம். பத்து மடங்குக்கு ஆசைப்பட்டால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகத் தெரியும். அகலம் குறைந்த 8×21 போன்றவை விடிகாலை மங்கலில் இருட்டடிக்கும்.

கேமரா விஷயத்தில் ஒரு கணக்கு மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். முழு ஃபிரேம் கேமராவில் (36 மி.மீ. அகல சென்சார் உள்ளது) 600 மி.மீ. லென்ஸ் போட்டு 50 மீட்டர் தள்ளிப் பார்த்தால், படத்தின் அகலத்தில் 3 மீட்டர் அடங்கும். புள்ளிமூக்கு வாத்து சுமார் 60 செ.மீ. நீளம். அதாவது படத்தில் ஐந்தில் ஒரு பங்கு. பரவாயில்லை என்று சொல்லலாம். இதையே 300 மி.மீ. லென்ஸில் எடுத்தால் பத்தில் ஒரு பங்கு. போன் கேமராவில் எடுத்தால் சுமார் 70 மீட்டர் அகலம் அடங்கும். வாத்து ஒரு கடுகு.

லென்ஸ் வாங்க வசதியில்லை என்றால் நிக்கான் பி900, பி950 போன்ற நீள்ஜூம் கேமராக்கள் பழகுவதற்குத் தாராளமாகப் போதும். விடிகாலையிலும் பறக்கும்போதும் தடுமாறும், அவ்வளவுதான். அதுவும் இல்லையென்றால் பைனாகுலரின் ஒரு கண்ணில் போனை ஒட்டிப் பிடித்து எடுங்கள். அழகான படம் வராது, அடையாளத்துக்கு உதவும் படம் வரும்.

மற்றவை சில்லறை: சின்ன நோட்டு, பென்சில், உட்கார ஒரு சாக்கு, தண்ணீர், தொப்பி. கடினமான அடிப்பகுதி உள்ள ஷூ கட்டாயம். சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைச் சாதாரணமாக ஊடுருவும், டூவீலர் டயரையும் விடாது. வண்டியைத் தார்ச்சாலையிலேயே நிறுத்திவிட்டு நடப்பது நல்லது. நான் இதைப் பஞ்சர் ஒட்ட ஆள் தேடி மூன்று கிலோமீட்டர் தள்ளித் தெரிந்துகொண்டேன்.

வெள்ளைச் சட்டை வேண்டாம். காக்கி, பச்சை, பழுப்பு எதுவானாலும் சரி. ஆனால் நிறத்தைவிட அசைவைத்தான் வாத்து கவனிக்கும். உருமறைப்பு உடை வாங்கிப் போட்டுக்கொண்டு கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறவரைவிட, பழைய லுங்கியில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆடு மேய்ப்பவர் பக்கத்தில் வாத்து வரும்.

4. போவதற்கு முன் உருவங்களை மனதில் ஏற்றுங்கள்

கண்மாய்க் கரையில் உட்கார்ந்துகொண்டு புத்தகத்தைப் புரட்டினால் பறவையைப் பார்க்க நேரம் இருக்காது. ஏழு உருவம் தெரிந்தால் போதும், பெரும்பாலான நாட்களைச் சமாளிக்கலாம்.

புள்ளிமூக்கு வாத்து: நாட்டு வாத்து அளவு. கறுப்பு அலகின் நுனி பளிச்சென்று மஞ்சள், அலகு தொடங்கும் இடத்தில் இரண்டு சிவப்புப் பொட்டு. ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே மாதிரி. பெரும்பாலும் ஜோடியாகவோ சின்னக் கூட்டமாகவோ இருக்கும். பழக இதைவிட நல்ல பறவை இல்லை.

சீழ்க்கைச்சிறகி: செம்பழுப்பு உடல், நீண்ட கழுத்து. பறக்கும்போது கழுத்து சற்றுத் தொங்கும், விசிலடித்துக்கொண்டே போகும். இது முக்கியமாக இரவில் மேயும். பகலில் கருவேல மரத்தின் கிளையிலோ திட்டிலோ கூட்டமாகத் தூங்கிக்கொண்டிருக்கும். பத்து மணிக்குப் போய், “எல்லாம் முதுகில் தலையைச் செருகியிருக்கிறதே” என்று குறைப்படாதீர்கள். பொழுது சாயும் நேரம் வரை காத்திருந்தால் கூட்டம் கூட்டமாக எழும்பும்.

குள்ளத்தாரா: புறாவைவிடச் சிறியது, 26 செ.மீ. வாக்கில். ஆண் வெள்ளை முகம், கழுத்தில் கறுப்புப் பட்டி, முதுகில் மின்னும் பச்சை. அல்லியும் தாமரையும் படர்ந்த இடத்தில் இலையோடு இலையாக இருக்கும். பைனாகுலரை மெதுவாக நகர்த்தித் தேட வேண்டும்.

நீலச்சிறகி: இங்கே வரும் வலசை வாத்துகளில் அதிகம் பார்க்கக் கிடைப்பது. ஆணின் வெள்ளைப் புருவம்தான் அடையாளம். பறக்கும்போது இறக்கையின் முன்பகுதி சாம்பல் நீலம்.

ஊசிவால் வாத்து: ஒல்லியான நீண்ட கழுத்து, ஊசி போல் நீளும் வால். ஆணின் கழுத்தோரம் வெள்ளைக் கோடு ஏறும்.

தட்டைவாயன்: அகப்பை போல் அகன்ற அலகு. அலகைத் தண்ணீரில் வைத்தபடியே சுற்றிச் சுற்றி நீந்தி, சல்லடை போல வடிகட்டித் தின்னும். ஆணுக்குப் பச்சைத் தலை, வெள்ளை மார்பு, செம்பழுப்பு விலா.

கிளுவை: சின்ன உடம்பு, ஆணின் செம்பழுப்புத் தலையில் கண்ணைச் சுற்றிப் பச்சைப் பட்டை. நீலச்சிறகிக் கூட்டத்துக்குள் ஒன்றிரண்டு கலந்திருக்கும். பெட்டைகளைப் பிரிப்பது பழகியவர்களுக்கே சிரமம், அதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இனி, வாத்து அல்லாதவை. உடல் முழுக்கக் கறுத்து நெற்றியில் வெள்ளை நாமம் போட்டிருப்பது நாமக்கோழி. அது எழும்பும்போது தண்ணீர் மேல் தடதடவென்று ஓடித்தான் எழும்பும். மேலே சொன்ன வாத்துகள் பெரும்பாலும் நின்ற இடத்திலிருந்தே நேராக எழும்பும். இந்த ஒரு வித்தியாசம் தூரத்திலேயே காட்டிக்கொடுக்கும். சின்ன உருண்டையாக இருந்து சட்டென்று முங்கிக் காணாமல் போவது முக்குளிப்பான்.

அறுவடை முடிந்த வயலோரம் ஐந்நூறு, ஆயிரம் என்று வெள்ளையும் பழுப்புமாகக் கலந்து வாத்துகள் திரிந்தால், பக்கத்தில் கம்போடு ஒருவர் நிற்கிறாரா என்று பாருங்கள். அது மேய்ச்சலுக்கு ஓட்டி வந்த பட்டி வாத்து. ஒரு நண்பர் இதை வலசை என்று நினைத்து இருநூறு படம் எடுத்து முடித்தபோது, வாத்துக்காரர் வந்து, “தம்பி, முட்டை வேணுமா?” என்று கேட்டார்.

5. கேமராவை முந்தின இரவே அமைத்துவிடுங்கள்

கரையில் மெனு தேடக்கூடாது. கீழ்க்கண்டபடி வைத்துக்கொண்டு போனால் பெரும்பாலும் மாற்ற வேண்டியிருக்காது.

ஷட்டர் வேகம் 1/1000. நீந்தும் வாத்துக்கு 1/500 போதும்தான். ஆனால் இறக்கையை உதறும்போது அது போதாது. பறப்பதற்கு 1/2000. லென்ஸின் துளை எவ்வளவு திறக்குமோ அவ்வளவு, எஃப் 5.6 அல்லது 6.3. ஐஎஸ்ஓ, அதாவது ஒளி உணர்திறனை ஆட்டோவில் விட்டு, மேல் எல்லையை 3200 என்று கட்டுங்கள். படம் புள்ளி புள்ளியாக வந்தால் பிறகு சரிசெய்யலாம், ஆடிப் போனதைச் சரிசெய்ய முடியாது.

ஃபோகஸ் தொடர்ந்து பின்தொடரும் முறையில் இருக்கட்டும். ஒற்றைப் புள்ளியோ சிறிய கட்டமோ வையுங்கள். முழுப் பரப்பையும் கேமராவிடமே விட்டால் முன்னால் ஆடும் கோரையைப் பிடித்துக்கொண்டு விடாது. பறவைக் கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் கேமரா என்றால் இந்தக் கவலை குறைவு.

ரா (RAW) கோப்பில் எடுங்கள், கேமரா பதிந்த விவரம் குறையாமல் இருக்கும். குள்ளத்தாரா ஆணின் வெள்ளை முகம் ஜேபெக்கில் எளிதாக வெளுத்துப் போகும். அந்தப் பறவைக்கு வெளிச்ச அளவையும் (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) ஒரு படியில் மூன்றில் ஒரு பங்கோ மூன்றில் இரண்டு பங்கோ குறைத்துக்கொள்ளுங்கள்.

கேமராவை ஏசி அறையில் வைத்துவிட்டு விடிகாலை நேராகக் கண்மாய்க்குக் கொண்டுபோனால் கண்ணாடியில் ஈரம் படரும், அரை மணி நேரம் போய்விடும். இரவே ஏசி இல்லாத அறையில் வைத்துவிடுங்கள். ஒலிகளை எல்லாம் அணைத்துவிடுங்கள், போனிலும்தான்.

6. கரைக்குப் போகும் முறை

ஜனவரியில் மதுரையில் சூரியன் ஆறரை மணியை ஒட்டி உதிக்கிறது. ஆறு மணிக்கே நீங்கள் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். காரணம் வெளிச்சம் மட்டும் இல்லை. மங்கலில் வந்து உட்கார்ந்தவரை விடிந்த பிறகு வாத்து மேடாகவோ புதராகவோ எடுத்துக்கொள்ளும். விடிந்த பிறகு நடந்து வருபவரை வேட்டைக்காரராகத்தான் பார்க்கும்.

கரையின் உச்சி மேல் நடக்காதீர்கள். வானத்தின் முன்னால் உங்கள் உருவம் தனியாகத் தெரியும். திறந்த கரையில் 60, 70 மீட்டரிலேயே கூட்டம் எழும்பிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கரைக்கு வெளிப்புறம், வயல் பக்கமாகவே நடந்து வந்து, குறித்துவைத்த பனைமரத்துக்கு நேராக ஏறி, குனிந்தபடி உட்சரிவில் பாதி தூரம் இறங்கி உட்காருங்கள். தலை கரை உச்சிக்குக் கீழே இருக்க வேண்டும்.

புதர் பக்கம் கால் வைக்கும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள், பாம்பு இருக்கும். நாய்கள் கூட்டமாக வந்தால் ஓடாமல் நின்று, பிறகு மெல்ல விலகுங்கள். தண்ணீருக்குள் இறங்கவே கூடாது. மண் அள்ளிய குழிகள் கண்மாய்க்குள் பல இடங்களில் உண்டு. முழங்கால் தண்ணீர் என்று நினைக்கும் இடத்துக்கு அடுத்த அடி ஆள் மூழ்கும் பள்ளமாக இருக்கும். நீச்சல் தெரிந்தாலும் சேறு விடாது.

அந்த நேரத்தில் கரைப்பக்கம் ஒதுங்க வருகிறவர்கள் இருப்பார்கள். அந்தத் திசையில் லென்ஸைத் திருப்பாதீர்கள், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள். குளிக்கும், துவைக்கும் இடங்களுக்கும் இதே விதிதான்.

யாராவது கேட்டால் கேமராவைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். ஒருமுறை ஒரு பெரியவர், “தம்பி, இடத்தை அளக்க வந்திருக்கீங்களா?” என்று சந்தேகமாகக் கேட்டார். “இல்லைங்கய்யா, பறவை படம்” என்று திரையில் காட்டினேன். பார்த்துவிட்டு, “இதுக கிடக்குது, சாயங்காலம் தெக்கு மடைப் பக்கம் வா, மேகம் மாதிரி இறங்கும்” என்றார். அந்தக் குளிர்காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல சீழ்க்கைச்சிறகிப் படம் அந்தத் தெற்கு மடையில் எடுத்ததுதான்.

தைப்பொங்கலன்று அவனியாபுரம் வழியாகச் சாமநத்தம் போகத் திட்டமிடாதீர்கள். அன்று அங்கே ஜல்லிக்கட்டு, வண்டி நகராது. மறுநாள் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர்ப் பக்கமும் இதே கதைதான்.

7. முதல் அரை மணி நேரம் கேமரா பைக்குள்

உட்கார்ந்ததும் பைனாகுலரால் இடமிருந்து வலமாக ஒருமுறை, வலமிருந்து இடமாக ஒருமுறை மெதுவாகப் பாருங்கள். எந்த இனம், எத்தனை, எங்கே என்று நோட்டில் எழுதுங்கள். கூட்டம் பெரிதாக இருந்தால் பத்து பறவை எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பார்த்து, அந்தப் பத்தை வைத்து மற்றதை அளந்துகொண்டே போங்கள். குத்துமதிப்பாக “ஆயிரம் இருக்கும்” என்று எழுதுகிறவர்கள் எண்ணிப் பார்த்தால் முந்நூறு இருக்கும்.

இந்த அரை மணி நேரம் எதற்கு என்றால், வாத்துகள் உங்களை மறப்பதற்கும், அவற்றின் போக்கு உங்களுக்குப் பிடிபடுவதற்கும். மேய்ந்துகொண்டே அவை ஏதோ ஒரு திசையில் மெல்ல நகரும். எந்த இடைவெளி வழியாகக் கரையோரம் வருகின்றன என்று தெரிந்துவிட்டால், அங்கே ஃபோகஸை வைத்துக் காத்திருக்கலாம்.

பதற்றத்தின் அடையாளங்களை இப்போதே படித்துக்கொள்ளுங்கள். மேய்ச்சல் நிற்கும். கழுத்துகள் ஒவ்வொன்றாக நிமிரும். பிறகு கூட்டமே ஒரே திசையில், கரையை விட்டு விலகி நீந்தும். அதற்கு அடுத்தது எழும்புவதுதான். கழுத்து நிமிர்ந்த கட்டத்திலேயே நீங்கள் உறைந்து நிற்க வேண்டும். ஐந்து நிமிடம் அசையாமல் இருந்தால் மறுபடி தலை தண்ணீருக்குள் போகும்.

சில நேரம் நீங்கள் ஒன்றும் செய்யாமலே கூட்டம் எழும்பும். மேலே அண்ணாந்து பாருங்கள், பருந்து சுற்றிக்கொண்டிருக்கும்.

8. இப்போது படம்

கேமராவை மெல்ல எடுத்து, முழங்கால் மேலோ பைமேலோ ஊன்றிக்கொள்ளுங்கள். உயரம் குறையக் குறையப் படம் நன்றாக வரும். நின்றபடி எடுத்தால் வாத்துக்குப் பின்னால் வெறும் தண்ணீர் மட்டும் தெரியும், பறவை தட்டையாக ஒட்டிவைத்தது போல இருக்கும். அதன் கண் மட்டத்துக்கு இறங்கினால் பின்னணி தூரத்துக் கரையாகி மங்கலாகிவிடும், பறவை தனியாக எழுந்து தெரியும். மடைப் படியில் சாக்கை விரித்துப் படுத்துவிடுவது என் வழக்கம். சட்டை அழுக்காகும், வீட்டில் திட்டு விழும்.

ஃபோகஸ் எப்போதும் கண்ணில். உடல் முழுக்கத் தெளிவாக இருந்து கண் மங்கினால் படம் உயிரில்லாமல் போகும். தலை உங்கள் பக்கம் லேசாகத் திரும்பும் கணத்தில் கண்ணில் ஒரு சின்ன ஒளிப்பொட்டு விழும், அப்போது அமுக்குங்கள்.

வாத்து நீந்தும் திசையில் படத்தில் கொஞ்சம் இடம் விடுங்கள். தண்ணீரில் விழும் பிம்பத்தை வெட்டாதீர்கள்.

எந்த நடவடிக்கை எப்போது வரும் என்று தெரிந்தால் கிளிக் வீணாகாது. குளித்துக்கொண்டிருக்கும் வாத்து அடிக்கடி எழுந்து நின்று இறக்கையை இரண்டு மூன்று முறை அடித்து உதறும். தலையைத் திரும்பத் திரும்ப முக்கி முதுகில் தண்ணீர் விட்டுக்கொள்ளும் பறவையைப் பார்த்தால் அதையே பின்தொடருங்கள், மற்றதை விடுங்கள். தொடர்படம் எடுக்கும் வசதி இந்த ஒரு இடத்துக்குத்தான். சும்மா நீந்தும் வாத்தை நொடிக்கு இருபது படம் எடுத்தால் இரவு முழுக்க அழிப்பதே வேலையாகும்.

எட்டரை, ஒன்பது மணிக்கு மேல் தூரத்துப் பறவைகள் படத்தில் நெளிய ஆரம்பிக்கும். லென்ஸில் கோளாறு என்று பலர் கடைக்கு ஓடுகிறார்கள். லென்ஸ் மேல் குற்றமில்லை. நிலமும் தண்ணீரும் சூடாகி இடையில் உள்ள காற்று அலைபாய்வதுதான் காரணம், தார்ச்சாலையில் கானல் தெரிவது போல. எந்த அமைப்பை மாற்றினாலும் தீராது. பக்கத்தில் இருப்பதை மட்டும் எடுங்கள், இல்லையென்றால் மூட்டை கட்டுங்கள்.

9. பறக்கும் படம்

இதற்காக வாத்தைக் கிளப்பிவிடுவதும், கல்லெறிவதும், கை தட்டுவதும் கூடாது. குளிர்காலத்தில் அவை கொழுப்புச் சேர்த்துத்தான் திரும்பிப் பறக்க வேண்டும். ஒவ்வொரு முறை வீணாக எழும்புவதும் அந்தச் சேமிப்பில் கை வைப்பதுதான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டு வாத்துகளையும் காக்கிறது. வேட்டையாடுவதும் முட்டை எடுப்பதும் குற்றம். டிரோன் பக்கம் போகவே வேண்டாம். பறவைக்கு அது பருந்து. அதோடு அவனியாபுரம் பக்கம் விமான நிலையமும் இருக்கிறது.

கிளப்பாமலே பறக்கும் படம் கிடைக்கும். காலையில் வயலில் மேய்ந்துவிட்டுக் கூட்டங்கள் கண்மாய்க்குத் திரும்பும். வந்தவுடன் இறங்காது, ஒன்றிரண்டு வட்டம் போடும். முதல் வட்டத்தில் அமுக்காதீர்கள், சும்மா லென்ஸால் பின்தொடர்ந்து பழகுங்கள். இரண்டாம் வட்டம் இன்னும் தாழ்வாக வரும். கடைசியில் காற்றை எதிர்த்து, காலை முன்னால் நீட்டி, இறக்கையை விரித்துப் பிரேக் போடும். அப்போது வேகம் குறைவு, முகம் உங்கள் பக்கம், வெளிச்சம் அதன் மேல். கரையும் காற்றும் பார்த்து உட்காரச் சொன்னது இந்த இரண்டு நொடிக்காகத்தான்.

வெறும் வானத்தின் முன்னால் பறக்கும் பறவை கறுத்து வரும். வெளிச்ச அளவை ஒரு படி கூட்டுங்கள், இறங்கும்போது மறக்காமல் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். நான் இன்றைக்கும் மறக்கிறேன்.

10. கிளம்பும்போதும் கவனம்

படம் கிடைத்த சந்தோஷத்தில் எழுந்து நின்று சோம்பல் முறிப்பார்கள், மொத்தக் கண்மாயும் காலியாகும். வந்தது போலவே குனிந்து பின்வாங்கி, கரையின் வெளிப்புறமாகப் போங்கள். உங்களுக்கு அடுத்து இன்னொருவர் வரலாம். வாத்துக்கும் அது காலை உணவு நேரம்.

பிஸ்கட், பிரெட் போடாதீர்கள். மிச்சம் தண்ணீரில் அழுகும். பறவையும் ஆட்களைத் தேடி வரப் பழகும், எல்லா ஆட்களும் கேமராவோடு வருகிறவர்கள் இல்லையே. கூடோ குஞ்சோ கண்ணில் பட்டால் நெருங்காதீர்கள், இடத்தைப் பொதுவில் சொல்லவும் வேண்டாம்.

11. அன்றைக்கே வீட்டில்

முதலில் அழியுங்கள். கண் மங்கியது, தலை திரும்பியது, முன்னால் கோரை மறைத்தது எல்லாம் போகட்டும். இருநூறில் பத்து மிஞ்சினால் நல்ல நாள். அடையாளம் தெரியாத பறவையின் மோசமான படத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு யாரிடமாவது கேட்க உதவும். மெர்லின் செயலியில் படத்தைக் கொடுத்தால் பெயர் சொல்லும். பெட்டைகள் விஷயத்தில் அதுவும் தடுமாறும், அப்படியே நம்பிவிடாதீர்கள்.

பிறகு நோட்டில் எழுதியதை, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் (eBird) தளத்தில் பதியுங்கள். கண்மாய், நேரம், எவ்வளவு நேரம் இருந்தீர்கள், எந்தப் பறவை எத்தனை. பார்த்த எல்லாப் பறவையையும் எழுதினால்தான் அது முழுப் பட்டியல். வாத்தை மட்டும் எழுதி மற்றதை விட்டால் அதன் பயன் பாதியாகிவிடும். ஜனவரியில் பொங்கல் விடுமுறை நாட்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. 15 நிமிடம் பார்த்துப் பதிந்தாலே அதில் சேர்ந்துவிடலாம்.

பட்டியலின் குறிப்புப் பகுதியில் தண்ணீர் அளவை எழுத மறக்காதீர்கள்: கலிங்கு (உபரி நீர் வெளியேறும் இடம்) வழிகிறதா, பாதியா, நடுவில் மட்டுமா, ஆகாயத்தாமரை எவ்வளவு மூடியிருக்கிறது. வாத்தே இல்லாத நாளிலும் எழுதுங்கள். அடுத்த தையில் எந்த வாரம் போகலாம் என்று யோசிக்கும்போது எடுத்துப் பார்க்கப்போவது அந்தக் குறிப்பைத்தான்.